மேளக்காரன் கடைசியில் கையெழுத்துப் போடுவான்

அத்தியாயம் 5

ஆறாயிரத்து எண்ணூற்று நாற்பது டாலர். ஓக் பார்க் ஜாஸ் விழா ஓதிஸ் டார்பொனுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி அது. மூன்று வருஷம், வருஷத்துக்கு நாலு கச்சேரி, கச்சேரிக்கு ஐந்நூற்று எழுபது. நான் இரண்டு தடவை பெருக்கிப் பார்த்தேன். ஒரு டாலர் பிசகவில்லை.

ஓதிஸ் ட்ரெமே பேட்டையில் பெரிய மேளம் அடிப்பவர். அடித்தவர் என்று சொல்ல வேண்டும். திங்கட்கிழமை காலையில், கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே சமையலறையில் விழுந்து செத்துப்போனார். புதன்கிழமை அவர் மகள் வெர்னா எங்கள் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு காகிதம். கண்ணில் தண்ணீர் இல்லை. அழுவதற்கு அவளுக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை.

"இறுதிச் சடங்கு நிலையத்துக்காரன் ஆறாயிரத்து ஐந்நூறு கேக்கறான், மிஸ் ஹெர்மின். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள கட்டலைன்னா, அப்பாவை அரசாங்கத்துக்கிட்ட தள்ளிவிட்ருவானாம். அவங்க எரிச்சு, டப்பாவுல போட்டு, நம்பர் ஒட்டி வச்சுருவாங்க."

"வாத்தியம்?" என்று கேட்டாள் ஹெர்மின்.

"டப்பாவுக்கு எவன் வாசிப்பான்?"

எங்கள் ஊரில் இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. நாற்பது வருஷம் ஊரார் சவத்துக்கெல்லாம் மேளம் அடித்துக் கொண்டுபோய் விட்ட மனிதன், தான் போகும்போது சத்தமில்லாமல் லாரியில் போவது.

ஹெர்மின் டூப்ளசிக்கு அறுபத்து மூன்று வயது. முப்பது வருஷம் வீடு வீடாகப் போய் சாவுச் சீட்டுக்குப் பணம் வசூலித்தவள். வாரம் நாலு டாலர் கட்டினால், செத்த பிறகு பெட்டி, வண்டி, வாத்தியம் எல்லாம் கம்பெனி பார்த்துக்கொள்ளும். அந்த வேலையில் பாதி வசூல், பாதி துப்பு. சாகாமலே செத்ததாகச் சொல்லிப் பணம் கேட்ட பதினெட்டு பேரை அவள் பிடித்திருக்கிறாள். இப்போது அந்தத் துப்பு வேலையைத் தனியாகச் செய்கிறாள். நான் அவளுக்குக் கை ஆள். பெயர் கிளீட்டஸ். ஆனால் எல்லாரும் கூப்பிடுவது 'பியானோ'. வாசிக்கத் தெரிந்ததால் இல்லை. இருபத்தாறு வருஷம் மேடைகளுக்கு அதைத் தூக்கிச் சுமந்ததால். முதுகு போன பிறகு, ஐம்பத்தொரு வயதில், நூலகத்தில் உட்கார்ந்து எழுத்துப் படித்தேன்.

வெர்னா காகிதத்தை நீட்டினாள். நகல். எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

"எழுவர் குழுவினராகிய நாங்கள், விழாவின் நலன் கருதி, எங்களுக்கு வர வேண்டிய மூன்று வருஷ ஊதியப் பாக்கியை மனமுவந்து விட்டுக்கொடுக்கிறோம்."

கீழே மார்ச் மாதத்து இரண்டாவது திங்கள்கிழமைத் தேதி. அதற்குக் கீழே ஏழு கையெழுத்து.

எழுவர் குழு என்பது எங்கள் ஆட்கள் சண்டை போட்டு வாங்கிய ஒன்று. நகராட்சி பூங்காவை விழாக்காரர்களுக்குக் கொடுக்கும்போதே ஒரு நிபந்தனை வைத்தது. உள்ளூர் வாத்தியக்காரர்கள் ஓட்டுப் போட்டு ஏழு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். வரவு, செலவு, யாருக்கு எந்த மேடை, யாருக்கு எவ்வளவு கூலி, எல்லாவற்றையும் அந்த ஏழு பேர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் ஏப்ரலில் பூங்காவின் கதவு திறக்காது. ஓதிஸ் அந்த ஏழில் ஒருவர். இந்தத் தடவை தேர்ந்தெடுத்த ஏழு பேரும் சவ ஊர்வலங்களில் ஒன்றாக வாசித்த ஒரே கோஷ்டி.

"எங்கப்பா சர்க்கரைக்கு ஊசி வாங்கக் காசில்லாம, ஒரு ஊசிய ரெண்டு நாளைக்குப் போட்டவர்" என்றாள் வெர்னா. "அவரு ஏழாயிரம் டாலரை மனமுவந்து விட்டுக்கொடுத்தாராம். நம்பறீங்களா?"

"கையெழுத்து அவருதா?"

"அவருதுதான். அதுதான் வயித்தெரிச்சல்."

வெளியே ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டு போனது. ஹெர்மின் எழுந்துபோய் ஜன்னலை மூடினாள். எப்போதும் மூடுவாள். அவள் மகன் ரெமி அப்படி ஒரு வண்டிதான் ஓட்டினான். போன வருஷம் டிசம்பரில், கொட்டுகிற மழையில் அவனைப் புதைத்தோம். வாத்தியக் கூலி ஆயிரத்து நானூறை அவள் உறையில் போட்டுக் கொடுத்தாள். நான்தான் கொண்டுபோய் ட்ரம்பெட் ஆன்செல்மின் கையில் கொடுத்தேன்.

திரும்பி வந்து காகிதத்தை மறுபடி பார்த்தாள்.

"பியானோ, ஓதிஸ் பேரு எங்க இருக்கு?"

"கடைசியில."

"திங்கக்கிழமைக் கூட்டத்துல ஓதிஸ் என்ன பண்ணுவான்?"

"பீன்ஸ் வேகவைப்பான்."

"அப்ப ஏன் கடைசியில இருக்கான்? கிளம்பு."

*

குழு கூடுவது பழைய சங்கக் கட்டடத்தில். சாவி வைத்திருப்பவன் ஃபெல்டன். டியூபாக்காரன், ஏழில் ஒருவன். அந்தப் பித்தளைக் குழலைத் தோளில் சுற்றிக்கொண்டு நின்றால், மலைப்பாம்பு விழுங்கியதில் பாதியை வெளியே விட்டுவிட்டதுபோல் இருப்பான்.

"வாய்யா பியானோ. முதுகு எப்படி இருக்கு?"

"இருக்குன்னு ஒரு நம்பிக்கைதான், மச்சான்."

ஹெர்மின் வருகைப் புத்தகத்தைக் கேட்டாள். திங்கட்கிழமைக்கு ஒரு பக்கம். எங்கள் ஊரில் திங்களன்று சிவப்பு பீன்ஸும் சோறும்தான். ஓதிஸ் பதினொரு மணிக்கே வந்து பானையை ஏற்றுவார். மற்றவர்கள் வாசனை பிடித்துக்கொண்டு ஆறு மணிக்கு வருவார்கள். வந்தவன் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டால்தான் தட்டு.

ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். ஜனவரி, முதல் கையெழுத்து ஓதிஸ். பிப்ரவரி, முதல் கையெழுத்து ஓதிஸ். மார்ச் இரண்டாவது திங்கள், முதல் கையெழுத்து ஓதிஸ், பக்கத்தில் ஒரு குழம்புக் கறை சாட்சி.

"தீர்மானத்துல மட்டும் கடைசி" என்றாள் ஹெர்மின். நகலை மேஜைமேல் வைத்தாள். "வரிசையப் படி."

"முதல்ல ஆன்செல்ம், ட்ரம்பெட். அப்புறம் டிராம்போன். அப்புறம் ரெண்டாவது ட்ரம்பெட், கிளாரினெட், இவன், சின்ன மேளம், பெரிய மேளம்." படித்து முடித்ததும் என் நாக்கு அப்படியே நின்றது. "மிஸ், இது கூட்டத்து வரிசை இல்ல. தெருவுல போற வரிசை."

வாத்தியக் கோஷ்டி தெருவில் நடக்கும்போது தலைவன் முன்னால். பிறகு டிராம்போன், முன்னால் கூட்டம் இருந்தால் நீட்டுகிற குழல் எவன் முதுகிலாவது குத்தும். கடைசியில் மேளம். எங்கே போய் நின்றாலும் அந்த வரிசையில்தான் நிற்பார்கள். கூலித் தாள் வந்தால் அதே வரிசையில் கையெழுத்துப் போடுவார்கள். இது யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. கால் பழகிய பழக்கம்.

"ஃபெல்டன், இது உன் கையெழுத்துதானே? எப்பப் போட்டே?"

அவன் முகம் சுருங்கியது. அவ்வளவு பெரிய உடம்புக்கு அது பொருந்தவே இல்லை.

"தெரியல, மிஸ் ஹெர்மின்."

"உன் பாக்கி எவ்வளவு போச்சு?"

"அஞ்சாயிரத்துச் சொச்சம்."

"ஆறு மாசமா ஏன்டா வாய் திறக்கல?"

"என்னன்னு திறக்கறது? ஊரே ஓட்டுப் போட்டு என்னை அனுப்புச்சு. எதுக்கு? காகிதத்தப் படிக்கறதுக்கு. நான் படிக்காமலே கையெழுத்துப் போட்டுட்டேன்னு போய்ச் சொல்லச் சொல்றீங்களா? மத்தவன் எல்லாம் படிச்சுட்டுதான் போட்டிருப்பான், நான் ஒருத்தன்தான் பீன்ஸ் பசியில போட்டுட்டேன்னு நினைச்சேன்."

ஏழு பேரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். ஓதிஸும் அப்படியே நினைத்துக்கொண்டு, ஊசியைப் பாதி பாதியாகப் போட்டுக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு செத்திருக்கிறார். படிக்கத் தெரியாத வெட்கம் எனக்குத் தெரியும். படிக்கத் தெரிந்தும் படிக்காத வெட்கம் அதைவிடக் கேவலம் போலிருக்கிறது.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஆன்செல்ம் ரூசெவ் வந்தார். குழுத் தலைவர். எழுபத்தொரு வயது, வெள்ளைத் தொப்பி, வாய் நிறையப் பல். போன வருஷம் முன்பல் ஆடி, ட்ரம்பெட்டில் காற்றுத்தான் வந்தது. இப்போது குளியலறை ஓடு பதித்த மாதிரி ஒரு வரிசை.

"ஹெர்மின் கண்ணு! ஓதிஸ் போயிட்டானே." தொப்பியை நெஞ்சில் வைத்தார். "சனிக்கிழமை அவனுக்கு நான் வாசிக்கணும்னு இருந்தேன். காசு இல்லையாமே, பாவம்."

"பல்லு அழகா இருக்கு, ஆன்செல்ம்" என்றாள் ஹெர்மின்.

"ஆண்டவன் கொடுத்தது."

"முதல்ல கொடுத்ததா, ரெண்டாவது கொடுத்ததா?" என்று கேட்டேன் நான்.

அவர் மட்டும் சிரித்தார்.

*

வியாழக்கிழமை காலை விழா அலுவலகத்துக்குப் போனோம். அசல் காகிதம் அங்கேதான். நிர்வாகி பெயர் விட்கம். வடக்கிலிருந்து வந்தவன், ஐந்து வருஷமாக இங்கே இருக்கிறான், இன்னும் மிளகாய்ச் சாறு போட்டால் இருமுகிறான். சுவரில் புதிய சுவரொட்டி. ஓதிஸின் படம், கீழே பெரிய எழுத்து. நான் முணுமுணுத்துப் படித்தேன்: 'தன் ஊதியத்தையே விழாவுக்கு அன்பளிப்பாக்கிய மாமனிதர்.'

"அருமையான மனுஷன்" என்றான் விட்கம்.

"ஆமா" என்றேன். "ஐஸ் பெட்டியில இருக்காரு. கெடாம."

அவன் இரும்பு அலமாரியைத் திறந்து அசலை எடுத்துக் கொடுத்தான். இவ்வளவு சுலபமாகக் கொடுக்கிறானே என்று அப்போதே நினைத்தேன்.

காகிதத்தைக் கையில் வாங்கினேன். பாரம் தூக்கினவனுக்கு விரல்தான் கண். ஒரு தாள் இல்லை, இரண்டு. மேலே தீர்மானம் அச்சடித்த தாள், கீழே கையெழுத்துத் தாள், பின் குத்திச் சேர்த்திருந்தது. கீழ்த் தாள் மேல் தாளைவிட மூன்று விரல் குட்டை. மேல் விளிம்பைக் கத்தரியால் வெட்டியிருக்கிறது. ஈரம் பட்டு உலர்ந்த சுருக்கம். நடுவில் லேசான வளைவு, உருண்டையான ஏதோ ஒன்றின்மேல் வைத்து அழுத்தி எழுதியதுபோல.

"மேளத்து மேல வச்சு எழுதியிருக்காங்க" என்றேன் காதோடு. "அதான் மேளக்காரன் கடைசி. எல்லாரும் போட்டு முடிக்கிற வரைக்கும் அவன்தான் மேஜை."

ஹெர்மின் தாளைத் திருப்பினாள். பின்பக்கம் பென்சிலில் மங்கலாக ஏதோ வரிசை. அவள் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். முப்பது வருஷம் சாவு வீடுகளுக்குள் போய் வந்த முகம் அது. எதுவும் ஏறாது. அன்றைக்கு ஏறியது.

நானும் எட்டிப் பார்த்துக் கூட்டிப் படித்தேன். பாட்டு வரிசை. ஒன்று, மெதுவான துதிப் பாட்டு. இரண்டு, இன்னொரு துதிப் பாட்டு. மூன்று, 'ஐஸ் வண்டிப் பாட்டு'.

எந்தச் சவ ஊர்வலத்திலும் ஐஸ் வண்டி மணிப் பாட்டை யாரும் வாசிக்க மாட்டார்கள். இந்த ஊரில் ஒரே ஒரு தாய்தான் அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"ஏதாவது கோளாறா?" விட்கம் நாற்காலியில் சாய்ந்தான். குரலில் சர்க்கரை. "கோளாறு இருந்தா தாராளமாச் சொல்லுங்க. ஒப்பந்தத்துல பதினொண்ணாவது பிரிவு இருக்கு, தெரியும்ல? குழு கொடுத்த காகிதம் எதுவாவது பொய்னு தெரிஞ்சா, குழுவக் கலைச்சுடலாம். அஞ்சு வருஷத்துக்கு மேற்பார்வையெல்லாம் எங்ககிட்டயே. நகராட்சியும் ஒத்துக்கிட்டதுதான்."

அப்போதுதான் புரிந்தது, காகிதத்தை ஏன் அவ்வளவு சுலபமாக நீட்டினான் என்று. இது பொய்யென்று அவனுக்குத் தெரியும். நாங்கள் உண்மையென்று நம்பினால் அவனுக்குப் பணம் மிச்சம். பொய்யென்று நிரூபித்தால் குழுவே மிச்சமில்லை. எலி எந்தப் பக்கம் ஓடினாலும் பொறி.

ஹெர்மின் தாளைத் திருப்பி மேஜைமேல் வைத்தாள்.

"கோளாறு எதுவும் இல்ல, மிஸ்டர் விட்கம். ஏழு கையெழுத்தும் நிஜம்."

அவன் முகம் கொஞ்சம் வாடியது. அது ஒன்றுதான் அன்றைக்குக் கிடைத்த கூலி.

தெருவுக்கு வந்ததும் அவள் ஃபெல்டனுக்குப் போன் போட்டாள். சத்தத்தைக் கூட்டி என் பக்கம் பிடித்தாள்.

"ஃபெல்டன், ரெமியோட அடக்கத்துக்கு நீ எவ்வளவு கூலி வாங்கினே?"

அந்தப் பக்கம் டியூபாவைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"கூலியா? என்ன மிஸ் ஹெர்மின் இப்படிக் கேக்கறீங்க? உங்க புள்ளைக்குக் கூலி வாங்குவோமா? 'இன்னைக்குக் கூலி வேண்டாம், மனமுவந்து விட்டுக்கொடுக்கிறோம்'னு ஆன்செல்ம் ஒரு தாள்ல எழுதினாரு. மழைக்குப் பாலத்தடியில ஒதுங்கி நின்னோம்ல, அங்கதான். ஓதிஸ் மேளத்து மேல வச்சு ஏழு பேரும் கையெழுத்துப் போட்டோம். உங்ககிட்ட அப்புறமா கொடுப்பேன்னாரு. அது வரைக்கும் சொல்லாதீங்கடா, அவ மனசு தாங்காதுன்னாரு. கொடுக்கலையா?"

"கொடுத்தாரு" என்றாள் ஹெர்மின். "இப்பத்தான் பார்த்தேன்."

போனை வைத்துவிட்டு நடந்தாள். நான் பின்னால் நடந்தேன். ஆயிரத்து நானூறு டாலர் உறையின் கனம் என் கைக்கு ஞாபகம் வந்தது. நானேதான் அந்த ஆளின் கையில் கொடுத்தேன். தொப்பியை எடுத்து நெஞ்சில் வைத்துத்தான் வாங்கிக்கொண்டார்.

 

*

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணி. ஆன்செல்மின் வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. குரல் குளியலறையிலிருந்து வந்தது.

"வாங்க, வாங்க. குளிக்கறது நான் இல்ல."

ட்ரம்பெட்டைத் துண்டு துண்டாகக் கழற்றித் தொட்டித் தண்ணீரில் ஊறப் போட்டிருந்தார். முழங்காலில் உட்கார்ந்து, நீளமான தூரிகையைக் குழாய்க்குள் விட்டுத் துலக்கிக்கொண்டிருந்தார். குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல. ஹெர்மின் கழிப்பறை மூடியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள். நான் வாசலை அடைத்துக்கொண்டு நின்றேன். எனக்குத் தெரிந்த ஒரே மிரட்டல் அது.

"பல்லுக்கு எவ்வளவு ஆச்சு, ஆன்செல்ம்?"

"என்ன கண்ணு, வந்ததும் வராததுமா..."

"டாக்டர்கிட்ட கேட்டுட்டுதான் வரேன். ஒன்பதாயிரம். ஏப்ரல்ல ரொக்கம். மார்ச்சுல தீர்மானம், ஏப்ரல்ல பல்லு. கடைசி நாள் பெரிய மேடையும் உனக்கு."

தூரிகை நின்றது.

"ஆறு பேர் வாயில இருந்து பிடுங்கி உன் வாயில நட்டிருக்கே. ஓதிஸோட மூணு வருஷம் எந்தப் பல்லுடா? முன்பல்லா?"

"குழுவக் காப்பாத்தத்தான் செஞ்சேன்." குரல் தண்ணீருக்குள்ளிருந்து வந்ததுபோல் இருந்தது. "பாக்கிய விடலைன்னா உள்ளூர் ஆளுங்களுக்கு மேடையே கிடையாதுன்னான் அந்த விட்கம். நீங்க கையெழுத்து வாங்குங்க, உங்க பல்ல நான் பார்த்துக்கறேன்னான். பல்லு இல்லாத ட்ரம்பெட்காரன் யாரு, ஹெர்மின்? அவனும் பொணந்தான். பாக்கிதானே, எப்படியும் வராத காசுதானேன்னு நினைச்சேன்."

"அவங்ககிட்டயே கேட்டிருக்கலாமே. கேட்டிருந்தா கொடுத்திருப்பானுங்க, மடப் பசங்க. உனக்கு அதுக்கும் சோம்பேறித்தனம். கையில தயாரா ஒரு தாள் இருந்துச்சு. என் புள்ள பொட்டிக்குப் பக்கத்துல நின்னு வாங்கின தாள்."

அவர் திரும்பிப் பார்த்தார். அவளுக்கு அது தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"முதல்ல அதை வாங்கினது இதுக்காக இல்ல, சத்தியமா. அப்ப... அப்ப எனக்கு அந்த ஆயிரத்து நானூறு தேவைப்பட்டுச்சு. பல்லு வலி, ஹெர்மின். அழுதுக்கிட்டே வாசிச்சேன் உன் புள்ளைக்கு."

"பார்த்தேன். எனக்காக அழறேன்னு நினைச்சுக்கிட்டேன்."

கைப்பையைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்தாள். எனக்கு அந்தப் படிவம் தெரியும். முப்பது வருஷம் அவள் பையில் இருந்த அச்சுத்தான்.

"உன் சாவுச் சீட்டு. முப்பத்தொரு வருஷம் வாரா வாரம் நாலு டாலர். பத்தொன்பது வருஷம் நானே வந்து வாங்கியிருக்கேன். முதல் வகுப்பு. தேக்குப் பொட்டி, ரெண்டு குதிரை வண்டி, வாத்தியம், கல்லறையில தனி அறை. ஏழாயிரம். பேரை மாத்தி எழுதலாம்னு ஒரு வரி இருக்கு. எவனும் அதைப் படிச்சதில்ல. படி."

அவர் படித்தார். அன்றைக்குத்தான் ஒரு காகிதத்தை அவர் முழுசாகப் படித்தார் என்று நினைக்கிறேன்.

"ஹெர்மின்... வேண்டாம். வீட்ட எடுத்துக்கோ."

"வீடு பாங்குக்காரனுது."

"ட்ரம்பெட்ட எடுத்துக்கோ. வித்தா நாலாயிரம் வரும்."

"அது வேணும். நாளைக்கு நீதானே முன்னால நடக்கப் போறே."

"எழுபத்தொரு வயசு எனக்கு. இனிமே நான் எந்தச் சீட்டுக் கட்ட? எவன் கொடுப்பான் எனக்குச் சீட்டு? நானும் டப்பாவுலயா போவேன்?"

"வெர்னாவும் இதைத்தான் கேட்டா."

அவர் அழுதார். புதுப் பல் தெரிய அழுதார். எனக்கு ஒரு கணம் பாவமாகத்தான் இருந்தது. ஓதிஸ் ஒரு ஊசியை இரண்டு நாளைக்குப் போட்டதாக வெர்னா சொன்னது ஞாபகம் வந்தது. பாவம் நின்றுபோனது.

"போடலைன்னா?" என்றார்.

"ஃபெல்டன்கிட்ட சொல்வேன். விட்கம்கிட்ட இல்ல, நகராட்சிக்கிட்ட இல்ல. அவங்களுக்குத் தெரிஞ்சா குழு போயிரும். ஃபெல்டன்கிட்ட மட்டும். மத்த நாலு பேருக்கும் அவன் சொல்லிக்குவான். அப்புறம் நீ இந்தத் தெருவுல எந்த வீட்டுக்குள்ள போய்ப் பீன்ஸ் சாப்பிடுவேன்னு பார்க்கறேன்."

மணி மூன்றேகால். தண்ணீர் சொட்டுகிற கையால் பேனாவை வாங்கினார்.

"இன்னொண்ணு" என்றாள். "திங்கக்கிழமை உடம்பு சரியில்லன்னு தலைமைய விடறே. போறதுக்கு முன்னால ஒரு தீர்மானம் கொண்டு வரே. இனிமே கூலி அவனவன் கையில, மேடையில இருந்து இறங்கின அன்னைக்கே. பாக்கி ஒரு டாலர் இருந்தாலும் பூங்காவுக்குக் கையெழுத்துக் கிடையாது. எந்தத் தாளையும் சத்தமாப் படிச்சு முடிக்காம யாரும் பேனா எடுக்கக் கூடாது. ஓதிஸோட இடத்துக்கு வெர்னா நிக்கறா."

"சத்தமா எவன் படிப்பான்?"

"பியானோ படிப்பான். அவன்தான் ஒரு எழுத்தையும் விடமாட்டான். வேகமாப் படிக்க வராது."

நாலு மணி நாற்பதுக்கு இறுதிச் சடங்கு நிலையத்துக்காரனின் மேஜையில் படிவத்தை வைத்தோம். ஏழாயிரத்தில் ஆறாயிரத்து ஐந்நூறு போக ஐந்நூறு திருப்பிக் கொடுத்தான். அதில் முந்நூற்று நாற்பதை வெர்னாவின் கையில் எண்ணி வைத்தாள் ஹெர்மின்.

"ஆறாயிரத்து எண்ணூற்று நாற்பது. சரியா இருக்கா?"

வெர்னா தலையாட்டினாள். பிறகுதான், ஐந்து நாளில் முதல் தடவையாக, அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள்.

"மீதி நூத்தி அறுபது?" என்று கேட்டேன்.

"வாத்தியக்காரங்களுக்குப் பீர். ஆன்செல்முக்குக் கிடையாது."

*

சனிக்கிழமை காலை வெயில் நன்றாக இருந்தது. இரண்டு குதிரைகளும் வெள்ளை. பெட்டி பளபளத்தது. விழா நிர்வாகம் ஒரு மலர்வளையம் அனுப்பியிருந்தது. அதை வண்டிக்கு முன்னால், குதிரைக்கு எட்டுகிற தூரத்தில் வைத்தேன்.

ஆன்செல்ம் முன்னால் நடந்தார். அவர் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பெட்டி, அவர் ஆசைப்பட்ட குதிரைகள், அவருடைய கல்லறை அறை. தன் சாவுக்குத் தானே வாசித்துக்கொண்டு போகிறவனை நான் அதுவரை பார்த்ததில்லை. நன்றாகத்தான் வாசித்தார். அதுதான் கொடுமை. பல் நல்ல பல்.

கல்லறையில் பெட்டியை உள்ளே தள்ளினார்கள். எங்கள் ஊர் வழக்கப்படி, ஓதிஸை அனுப்பிவிட்டோம் என்று மேளம் வேகம் பிடித்தது. ஜனங்கள் குடையை விரித்துக்கொண்டு ஆடிக்கொண்டே தெருவுக்குத் திரும்பினார்கள். ஓதிஸின் மேளத்தை வெர்னா மாட்டியிருந்தாள். வரிசையில் கடைசியாக நடந்தாள்.

ஆன்செல்ம் மட்டும் பின்தங்கி, ஹெர்மினிடம் வந்தார். கையில் ஒரு உறை. பழைய உறை இல்லை, புதுசு. 

"கடன் வாங்கிட்டு வந்தேன். ஆயிரத்து நானூறு. உன்னுது. இதையாவது தீர்த்துடறேன், ஹெர்மின்."

அவள் உறையைப் பார்த்தாள். வாங்கவில்லை.

"அதைத் தள்ளுபடி பண்ணிட்டேன், ஆன்செல்ம். வச்சுக்கோ."

அவர் முகம் ஒரு நொடி மலர்ந்தது.

"உனக்குச் செலவு வரும்" என்றாள் ஹெர்மின். "நீ போறப்ப இந்த ஊர்ல ஒருத்தனும் சும்மா வாசிக்க மாட்டான்."